பொம்மைக் காரில் எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாடு

பழைய பள்ளிக் கட்டடங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் மின்விசிறியின் வேகத்தை மாற்றுவதற்காகச் சுவரில் பொருத்தப்பட்டிருந்த கனத்த பெட்டியை வயதில் மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விசிறி மெதுவாகச் சுழலும்போது அப்பெட்டியின்மேல் கை வைத்தால் சூடாக இருக்கும். விசிறிக்குப் போகாமல் தடுக்கப்பட்ட மின்சக்தியின் ஒரு பகுதி எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அந்தச் சூடே விடை. பெட்டியின் உள்ளே இருந்த தடைக்கம்பிச் சுருள் அச்சக்தியை வெப்பமாக்கி வீணே காற்றில் கலந்துகொண்டிருந்தது.

ரேடியோ அலைகளால் தொலைவிலிருந்து ஓட்டப்படும் சிறு கார்களிலும் ஒரு காலத்தில் இதே முறையே கையாளப்பட்டது. இன்று அதன் இடத்தை எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பிடித்துக்கொண்டுவிட்டது. தீப்பெட்டி அளவேயுள்ள இக்கருவியை ஒரு காரில் பொருத்துவது, ஒரு பிற்பகலில் மாணவர்களே செய்து முடிக்கக்கூடிய வேலையாகும். ஆனால் இரண்டு கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் கருவி ஒரு நொடியில் கருகிப் போகும். சக்கரங்களைத் தரையில் வைத்தபடியே முதற் சோதனையைச் செய்தால் கார் எதன்மீதாவது பாய்ந்து மோதும். பாட்டரியைத் தவறாகக் கையாண்டால் தீப் பற்றவும் கூடும். ஆதலின் செய்முறையையும் அதன் காரணங்களையும் சேர்த்து அறிந்திருத்தல் அவசியம்.

2016-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ் நாடெங்கும் பத்தாயிரம் பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் நிறுவப்பட்டுள்ளன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் அங்கே கருவிகளைத் தங்கள் கையாலேயே அமைத்துப் பார்க்கின்றனர். அத்தகைய கூடங்களில் இந்தச் சிறு கார் நல்ல பாடப்பொருளாக விளங்கும்.

தொலைவிலிருந்து இயக்கும் கலை

கம்பியின் உதவியின்றி ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்திலுள்ள பொருளை இயக்கலாம் என்பதை முதன்முதலில் பொதுமக்கள் முன்னிலையில் காட்டியவர்களுள் ஒருவர் நம் நாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் ஆவார். 1895-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடத்திய சோதனையில், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளைக் கொண்டு அவர் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1898-இல், நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரத்தில் ஒரு தொட்டி நீரில் மிதந்த சிறு படகை ரேடியோ அலைகளால் ஓட்டிக் காட்டினார்.

டிரான்ஸிஸ்டர் வந்து கருவிகளின் அளவு சுருங்கிய பின்னரே இக்கலை சாதாரண மக்களின் கைக்கு எட்டியது. 1970-களில் மின்சார மோட்டாரால் ஓடும் ரேடியோ கார்கள் பரவலாயின. ஜப்பானியத் தயாரிப்பாளரான டாமியா 1976-இல் வெளியிட்ட போர்ஷே 934 என்ற மாதிரிக் கார் இவ்வகையில் பெயர் பெற்றது.

இத்தகைய காரில் நான்கு முக்கிய உறுப்புகள் உண்டு. ஓட்டுபவர் கையில் வைத்திருக்கும் அனுப்புங் கருவி ஒன்று. காரினுள் இருக்கும் வாங்குங் கருவி மற்றொன்று. முன் சக்கரங்களைத் திருப்புவதற்கு ஸர்வோ என்னும் சிறு மோட்டார் உள்ளது. காரை ஓட்டும் பெரிய மோட்டாருக்கும் பாட்டரிக்கும் இடையே நின்று மின்சாரத்தை அளந்துவிடுவது வேகக் கட்டுப்பாடு. இக்காலத்து அனுப்புங் கருவிகளிற் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. குறைந்த சக்தியுள்ள கருவிகளை இவ்வரிசையில் உபயோகிப்பதற்கு உரிமம் வேண்டியதில்லை என 2005-ஆம் ஆண்டில் இந்திய அரசு விதி வகுத்தது.

பழைய முறையும் அதன் இழப்பும்

பழைய கார்களில் வேகத்தை மாற்றுவதற்கும் ஒரு தனி ஸர்வோ இருந்தது. அது ஒரு பித்தளைக் கரத்தை நகர்த்தும். அக்கரம் வரிசையாக அமைந்த சில தொடுமுனைகளின்மேல் உராய்ந்து செல்லும். முதல் முனையில் நின்றால் மின்சாரம் முழுத் தடையின் வழியாகவும், அடுத்த முனையில் பாதித் தடையின் வழியாகவும், கடைசி முனையில் தடையேயின்றி நேராகவும் மோட்டாரை அடையும். எனவே காருக்கு இரண்டு அல்லது மூன்று வேகங்களே கிடைத்தன. தொடுமுனைகளில் பொறி எழுந்து அவை கரிந்துபோவதும், புழுதி படிந்து இணைப்பு விட்டுப் போவதும் அன்றாடத் தொல்லைகள்.

இதில் வீணாகும் சக்தியை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். பாட்டரியின் மின்னழுத்தம் 7.2 வோல்ட் என்று கொள்வோம். பாதி வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு 3.6 வோல்ட் அழுத்தமும் 5 ஆம்பியர் ஓட்டமும் தேவைப்படுவதாகக் கொண்டால், மோட்டார் பெறும் சக்தி 18 வாட் ஆகும். மீதியுள்ள 3.6 வோல்ட்டைத் தடைதான் தாங்கவேண்டும். அதே 5 ஆம்பியர் அதன் வழியாகவும் செல்வதால் அங்கேயும் 18 வாட் செலவாகின்றது. ஆக, பாட்டரி கொடுக்கும் 36 வாட்டில் சரிபாதி வெறும் வெப்பமாகிவிடுகிறது. கார் மெதுவாகச் செல்லும்போதுதான் அதன் தடைக்கட்டை அதிகமாகச் சுடுகிறது என்பது மாணவர்களுக்கு முதலில் வியப்பாக இருக்கும்.

புதிய முறையின் தத்துவம்

குயவர் தம் சக்கரத்தை இடைவிடாது தள்ளிக்கொண்டிருப்பதில்லை. கோலால் சில முறை சுழற்றிவிட்டுப் பின் மண்ணில் கை வைக்கிறார். கனமான சக்கரம் அந்த உந்துதலைத் தன்னுள் தேக்கிவைத்துச் சீராகச் சுழல்கிறது. அடிக்கடி தள்ளினால் வேகம் கூடும். எப்போதாவது தள்ளினால் வேகம் குறையும். ஒவ்வொரு தள்ளுதலும் முழு வலிமையுடன் இருந்தாலும் சராசரி வேகத்தை அவர் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்ள முடிகிறது.

எலெக்ட்ரானிக் வேகக் கட்டுப்பாட்டின் தத்துவமும் இதுவே. மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை அது தடுத்துக் குறைப்பதில்லை. முழுமையாகத் திறந்தும் முழுமையாக மூடியும் விடுகிறது. இவ்வாறு திறந்து மூடுவது வினாடிக்கு ஆயிரம் தடவையோ அதற்கு மேலோ நடைபெறும். ஆயிரம் தடவை என்று கொண்டால் ஒரு சுற்றுக்கு ஆகும் காலம் ஒரு மில்லி வினாடி. அதில் அரை மில்லி வினாடி திறந்தும் அரை மில்லி வினாடி மூடியும் இருப்பின், மோட்டார் உணரும் சராசரி அழுத்தம் பாதியாகும். முக்கால் பங்கு திறந்திருப்பின் சராசரியும் முக்கால் பங்கு. மோட்டாரின் சுழலும் கனமும், அதன் கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென்று நின்றுவிடாத தன்மையும் சேர்ந்து இந்தத் துடிப்புகளைச் சீரான சுழற்சியாக மாற்றிவிடுகின்றன.

திறந்து மூடும் வேலையைச் செய்வது மாஸ்பெட் என்னும் டிரான்ஸிஸ்டர் ஆகும். 1959-இல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் அட்டல்லா, காங் ஆகிய இருவர் முதன்முதலில் உருவாக்கிய வகையின் வழித்தோன்றல் இது. திறந்த நிலையில் இதன் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் சில பங்கே. 0.005 ஓம் என்று கொண்டால், 5 ஆம்பியர் ஓடும்போது அதில் வீணாவது 0.125 வாட் மாத்திரமே. மூடிய நிலையிலோ மின்சாரமே இல்லை. ஆகவே இழப்பும் இல்லை. திறந்து மூடும் கணங்களிலும், இடைவேளையில் சுருளின் மின்சாரம் சுற்றிவரும் பாதையிலும் ஏற்படும் இழப்புகளைச் சேர்த்தாலும், மேலே கண்ட உதாரணத்தில் அது ஓரிரண்டு வாட்டே ஆகும். முன்பு 18 வாட் வீணான இடம் இது.

3,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 7.2 வோல்ட் பாட்டரியில் 21.6 வாட்-மணி சக்தி அடங்கியுள்ளது. பாதி வேகத்தில் ஓடும்போது பழைய முறையில் அது 36 நிமிடங்களில் தீரும். மொத்தச் செலவு 20 வாட்டாகக் குறைந்தால் ஏறக்குறைய 65 நிமிடங்கள் வரும்.

தக்க கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவியை வாங்குமுன் காரிலுள்ள மோட்டாரைப் பார்க்கவேண்டும். மோட்டாரிலிருந்து இரண்டு கம்பிகள் வெளிவந்தால் அது பிரஷ் உள்ள மோட்டார். மூன்று கம்பிகள் வெளிவந்தால் அது பிரஷ் இல்லாத மோட்டார். இவ்விரண்டிற்கும் வெவ்வேறு கட்டுப்பாட்டுக் கருவிகள் தேவை. சில கருவிகள் இரண்டிற்கும் பொருந்துமாறு செய்யப்பட்டுள்ளன. ஆனால் அவை சிலவே.

அடுத்து, கருவியின்மேல் குறிக்கப்பட்டுள்ள மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். தொடர்ந்து தாங்கக்கூடிய ஆம்பியர் எவ்வளவு? எத்தனை மின்கலங்கள் கொண்ட பாட்டரியை இணைக்கலாம்? எத்தனை சுற்றுகள் கொண்ட மோட்டார் வரை அனுமதிக்கப்படும்? மோட்டாரின் கம்பிச் சுற்றுகள் குறையக் குறைய அது உறிஞ்சும் மின்சாரம் மிகும். ஆதலால் 27 சுற்றுகளுக்கென அமைந்த கருவியுடன் 15 சுற்று மோட்டாரை இணைத்தல் ஆகாது.

பழையதைக் கழற்றுதல்

முதலில் பாட்டரியைக் காரிலிருந்து வெளியே எடுத்துத் தனியே வைக்கவேண்டும். பின்னர் எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே செல்கிறது என்பதை ஒரு தாளில் நிறத்துடன் வரைந்துகொள்ள வேண்டும். கழற்றுவது எளிது, கழற்றிய பின் நினைவிலிருந்து மீண்டும் இணைப்பது எளிதன்று. படம் வரைந்த பின்னரே திருகாணிகளில் கை வைக்கலாம். வேகத்திற்கான பழைய ஸர்வோ, தொடுமுனைத் தகடு, தடைக்கட்டை மூன்றும் வெளியே வந்துவிடும். சக்கரங்களைத் திருப்பும் ஸர்வோவை அப்படியே விட்டுவிட வேண்டும்.

கழற்றிய பாகங்களை எறிந்துவிடலாகாது. பழைய முறையையும் புதிய முறையையும் அருகருகே வைத்துக் காட்ட அவை உதவும்.

பொருத்தும் இடம்

கருவியை வைக்கும் இடம் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட்டிருத்தல் நலம். காற்று அதன் உலோகத் துடுப்புகளின்மேல் பட்டுச் செல்லவேண்டும். வாங்குங் கருவியிலிருந்தும் அதன் ஏரியல் கம்பியிலிருந்தும் அது இயன்ற அளவு விலகியிருக்க வேண்டும். ஏனெனில் பெரும் மின்சாரம் விட்டுவிட்டு ஓடும் கம்பிகள் ரேடியோ இரைச்சலை உண்டாக்கக்கூடியவை. காரின் அடித்தட்டில், எடை ஒரு பக்கமாகச் சாயாதபடி அது அமையவேண்டும்.

இடத்தைத் தேர்ந்த பின் அங்குள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, இரு பக்கமும் ஒட்டும் நுரைப் பட்டையால் கருவியை ஒட்டலாம். அந்தப் பட்டை கருவியை அதிர்ச்சியிலிருந்தும் காக்கும். ஏரியல் கம்பியை ஒருபோதும் வெட்டிச் சுருக்கலாகாது.

கம்பிகளை இணைத்தல்

சிவப்புக் கம்பி நேர்முனைக்கும் கறுப்புக் கம்பி எதிர்முனைக்கும் உரியவை. பாட்டரியின் பக்கத்தில் இவை மாறிவிட்டால் பெரும்பாலான கருவிகள் அக்கணமே பழுதாகும், பழுதுபார்க்கவும் இயலாது. ஆதலின் இணைப்பானைப் பற்றவைத்த பின், பாட்டரியைச் செருகுமுன், மல்டிமீட்டரைக் கொண்டு துருவங்களை ஒருவர் சோதித்துச் சொல்ல, மற்றொருவர் மீண்டும் சோதித்து உறுதி செய்வது சிறந்த பழக்கம். இதற்கு ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகாது.

பாட்டரியில் பழைய இணைப்பானை வெட்டி எடுக்க நேர்ந்தால், இரண்டு கம்பிகளையும் ஒரே தடவையில் கத்தரிக்கக் கூடாது. வெட்டும் கருவியின் உலோகம் இரு முனைகளையும் இணைத்துக் குறுக்குச் சுற்றை உண்டாக்கிவிடும். ஒரு கம்பியை வெட்டி, அதற்குப் பற்றவைத்து, உறையிட்டு மூடிய பின்னரே மற்றொன்றைத் தொடவேண்டும்.

இக்கம்பிகள் தடித்தவையாதலால் சிறிய பற்றிரும்பு போதாது. 60 வாட் அளவுள்ளது தேவை. கம்பியின் நுனிக்கும் இணைப்பானின் குழிவுக்கும் தனித்தனியே ஈயம் பூசி, பின் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கினால் ஈயம் உருகி ஒன்றாகிவிடும். ஆறும்வரை கம்பியை அசைக்கக் கூடாது. நல்ல பற்று பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மங்கலாகவும் உருண்டையாகவும் நிற்கும் பற்று நம்பத்தக்கதன்று. சூட்டில் சுருங்கும் குழாயைப் பற்றவைக்குமுன்பே கம்பியில் கோத்துவிட வேண்டும். இதை மறந்துவிட்டுப் பின்பு வருந்தாதவர் இத்தொழிலில் அரியர்.

பிரஷ் உள்ள மோட்டாரில் மற்றொரு வேலையும் உண்டு. பிரஷ்கள் கம்யூட்டேட்டரின்மேல் உராயும்போது எழும் பொறிகள் ரேடியோ அலைகளாகப் பரவி வாங்குங் கருவியைக் குழப்பும். இதைத் தடுக்க 0.1 மைக்ரோபாரட் அளவுள்ள மூன்று பீங்கான் மின்தேக்கிகளைப் பற்றவைக்கிறார்கள். ஒன்று மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே. மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோகக் கூட்டிற்கு. இத்தேக்கிகளின்மேல் 104 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். பல மோட்டார்களில் இவை முன்பே இருக்கும். சில மோட்டார்களில் ஷாட்கி டையோடு ஒன்றும் பற்றவைக்கப்பட்டிருக்கலாம். முன்னோக்கி மாத்திரம் ஓட்டும் கருவிக்கே அது ஏற்றது. பின்னோக்கியும் ஓட்டக்கூடிய கருவியாயின் டையோடைக் கட்டாயம் நீக்கிவிட வேண்டும். இல்லாவிடில், காரைப் பின்னால் செலுத்த முற்பட்டவுடன் அது குறுக்குச் சுற்றாகிக் கருவியைக் கெடுத்துவிடும். பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மின்தேக்கியும் வேண்டா, டையோடும் வேண்டா.

வாங்குங் கருவியுடன் இணைப்பு

கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து வரும் மெல்லிய மூன்று கம்பிகள், முன்பு வேகத்திற்கான ஸர்வோ செருகப்பட்டிருந்த இடத்தில் செருகப்படும். பெரும்பாலும் அது இரண்டாவது வழியாகும். முதல் வழி சக்கரங்களைத் திருப்புவதற்கு உரியது. மூன்று கம்பிகளில் கறுப்பு அல்லது பழுப்பு எதிர்முனை. நடுவிலுள்ள சிவப்பு நேர்முனை. வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறக் கம்பி கட்டளையைச் சுமந்து செல்வது.

அக்கட்டளையும் துடிப்புகளாலானதே. சுமார் 20 மில்லி வினாடிக்கு ஒரு தடவை ஒரு சிறு துடிப்பு வருகிறது. அதன் நீளம் 1.5 மில்லி வினாடியாயின் கார் நிற்கவேண்டும் என்பது பொருள். 2 மில்லி வினாடியை நெருங்கினால் ஒரு திசையில் முழு வேகம். 1 மில்லி வினாடியை நெருங்கினால் தடுப்பு அல்லது பின்னோட்டம். அரை மில்லி வினாடி ஏற்றத்தாழ்வுக்குள் காரின் நடத்தை முழுவதும் அடங்கிவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பழைய கார்கள் சிலவற்றில் வாங்குங் கருவிக்கென நான்கு சிறு மின்கலங்கள் கொண்ட தனிப் பெட்டி இருக்கும். புதிய கட்டுப்பாட்டுக் கருவிகளிற் பெரும்பாலானவை, பெரிய பாட்டரியிலிருந்தே 5 அல்லது 6 வோல்ட்டை எடுத்து வாங்குங் கருவிக்கு அளிக்கின்றன. அவ்வாறாயின் தனிப் பெட்டியை நீக்கிவிட வேண்டும். இரண்டும் ஒருங்கே இணைந்திருந்தால் ஒன்று மற்றொன்றினுள் மின்சாரத்தைச் செலுத்தித் தீங்கு விளைவிக்கும்.

நடுநிலையைப் பழக்குதல்

எல்லா அனுப்புங் கருவிகளின் துடிப்புகளும் மிகச் சரியாக ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே தன் அனுப்புங் கருவியின் நடுநிலை எது, முழு முன்னோட்டம் எது, முழுத் தடுப்பு எது என்பவற்றைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒரு முறை கற்பிக்க வேண்டும்.

இவ்வேலை தொடங்குமுன் காரின் அடியில் ஒரு மரக்கட்டையை வைத்து, நான்கு சக்கரங்களும் தரையில் படாதபடி உயர்த்த வேண்டும். கைவிரல், தலைமுடி, தளர்ந்த ஆடை ஆகியவை சக்கரங்களையும் பற்சக்கரங்களையும் அணுகலாகாது. அனுப்புங் கருவியின் நுண்திருத்தக் குமிழை மையத்தில் வைத்து, முதலில் அதை இயக்கவேண்டும். பின்னரே காரின் ஸ்விட்சைப் போடவேண்டும். பெரும்பாலான கருவிகளில் ஒரு சிறு பொத்தானை அழுத்தியவாறு ஸ்விட்சைப் போட்டால், விளக்கு மின்னிக் கற்கும் நிலையை அறிவிக்கும். பின்னர் விசையை நடுநிலை, முழு முன்னோட்டம், முழுத் தடுப்பு ஆகிய மூன்று இடங்களிலும் வைத்துக் காட்டவேண்டும். எது முதலில் என்னும் வரிசை கருவிக்குக் கருவி வேறுபடும்; உடன் வரும் விளக்கத்தாளைப் பின்பற்றுதலே முறை.

இதன்பின் விசையை மெல்ல அழுத்தினால் சக்கரங்கள் முன்னோக்கிச் சுழலவேண்டும். எதிர்த்திசையில் சுழன்றால், பிரஷ் உள்ள மோட்டாரின் இரு கம்பிகளையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் போதும். உணர்கருவி இல்லாத மூன்று கம்பி மோட்டாரில் ஏதேனும் இரண்டை மாற்றலாம். உணர்கருவி பொருந்திய மோட்டாரில் மட்டும் கம்பிகளை மாற்றக் கூடாது. அங்கே திசையைக் கருவியின் அமைப்பிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். பாட்டரிக் கம்பிகளை மாற்றுவதோ எக்காலத்தும் கூடாது.

கட்டளை அறுந்தால்

கார் தரையில் இறங்குமுன் இன்னுமொரு சோதனை உள்ளது. சக்கரங்கள் மேலே உயர்த்தப்பட்ட நிலையில் விசையைச் சிறிது அழுத்தி, மோட்டார் ஓடும்போதே அனுப்புங் கருவியை நிறுத்திவிட வேண்டும். மோட்டாரும் உடனே நிற்கவேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால், கட்டளை அறுந்தபோது எந்நிலைக்குத் திரும்புவது என்பது வாங்குங் கருவியில் சரியாக அமைக்கப்படவில்லை என்று பொருள். அதைத் திருத்தாமல் காரைக் குழந்தைகள் நடுவே விடலாகாது. ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் முழு வேகத்தில் கணுக்காலில் மோதினால் காயம் சிறிதாக இராது.

இதே காரணத்தால்தான், தொடங்கும்போது அனுப்புங் கருவியை முதலில் இயக்க வேண்டும். முடிக்கும்போது அதைக் கடைசியில் நிறுத்த வேண்டும்.

பாட்டரியைப் பற்றி

நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட். ஆறு கலங்கள் சேர்ந்தால் 7.2 வோல்ட். இவ்வகைப் பாட்டரி முரட்டுத்தனத்தை ஓரளவு பொறுக்கும். ஆகவே பள்ளிகளில் இதைக் கொண்டு தொடங்குதல் நன்று.

லிதியம்-பாலிமர் வகை எடை குறைந்தது, சக்தி மிகுந்தது. ஒரு கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட், முழுதும் மின்னேற்றியபின் 4.2 வோல்ட். 3 வோல்ட்டிற்குக் கீழே இறங்கவிட்டால் அது கெட்டுவிடும். கட்டுப்பாட்டுக் கருவியில் இதற்கென ஓர் அமைப்பு உண்டு. அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியதும் அது மோட்டாரை நிறுத்திவிடும். லிதியம் பாட்டரியை உபயோகிக்குமுன் அவ்வமைப்பு இயங்குநிலையில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. கலங்களைச் சமன்செய்து ஏற்றும் மின்னேற்றியையே உபயோகிக்க வேண்டும். எரியாத தளத்தின்மேல் வைத்து, ஒருவர் அருகே இருக்கும்போதே ஏற்றவேண்டும். உப்பிய பாட்டரியை மீண்டும் உபயோகிக்கலாகாது.

தோன்றக்கூடிய கோளாறுகள்

ஸ்விட்சைப் போட்டவுடனே சக்கரங்கள் மெல்லச் சுழன்றால், நடுநிலை சரியாகக் கற்பிக்கப்படவில்லை. சக்கரங்கள் திரும்புகின்றன, ஆனால் மோட்டார் ஓடவில்லை என்றால், மோட்டாரின் இணைப்புகளையும் வாங்குங் கருவியில் செருகிய வழியையும் பார்க்கவேண்டும். வேகமெடுக்கும்போதெல்லாம் திருப்பும் ஸர்வோ சோர்ந்துவிட்டால், பாட்டரி வலுவிழந்திருக்கலாம்; அல்லது ஏதேனும் ஒரு பற்று குளிர்ந்து தளர்ந்திருக்கலாம். கார் இடையிடையே வெட்டி இழுத்தால் மின்தேக்கிகளையும் ஏரியல் செல்லும் பாதையையும் ஆராயவேண்டும்.

ஐந்து நிமிடம் ஓட்டிய பின் காரை நிறுத்தி, கருவியையும் மோட்டாரையும் கவனமாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். விரலை வைக்க இயலாத அளவு சுட்டால், பெரும்பாலும் கருவியின்மேல் குற்றமில்லை. பற்சக்கரங்களின் விகிதமே தவறாக இருக்கும். மோட்டாரின் தண்டிலுள்ள சிறு பற்சக்கரத்தைக் குறைந்த பற்களுடையதாக மாற்றினால் பளு குறைந்து சூடும் தணியும்.

வகுப்பறையிலிருந்து இருப்புப் பாதைக்கு

மேற்கண்ட வேலையினூடே மாணவர் ஓம் விதியையும், சக்திக் கணக்கையும், சராசரி என்பதன் பொருளையும் பாடப்புத்தகத்தைத் திறவாமலே சந்திக்கின்றனர். பழைய தடைக்கட்டையை ஒரு மேசையிலும் புதிய கருவியை மற்றொரு மேசையிலும் வைத்து, ஒரே மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டி, பாட்டரியிலிருந்து வரும் ஆம்பியரை இருமுறையும் அளந்து எழுதச் செய்தால், வேறுபாட்டை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.

அந்த வேறுபாடு பொம்மையோடு நின்றுவிடவில்லை. 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நம் நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய அக்காலத்து வண்டிகள் புறப்படும்போது, மோட்டாருக்கு வேண்டாத அழுத்தத்தைத் தடைக்கட்டைகளே தாங்கின. பொம்மைக் காரின் பித்தளைக் கரம் செய்த வேலையேதான். 1990-களின் நடுவில் இந்தியாவுக்கு வந்து, பின்னர் சித்தரஞ்சன் தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கிய மூன்று கட்ட மின்சார என்ஜின்கள் திறந்து மூடும் முறையைக் கைக்கொண்டன. அவை வேகத்தைக் குறைக்கும்போது ஓடும் வண்டியின் சக்தியை மின்சாரமாக்கி மேற்கம்பிக்கே திருப்பித் தருகின்றன.

2015-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தால் சட்ட ஏற்புப் பெற்ற மின்சார ரிக்ஷாக்களிலும் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருப்பது இதே வகைக் கட்டுப்பாட்டுக் கருவிதான். வீடுகளில் இப்போது பரவிவரும் பிரஷ் இல்லாத மின்விசிறிகள், வழக்கமான விசிறி 75 வாட் அளவில் செலவழிக்கும் இடத்தில் சுமார் 30 வாட்டில் வேலையை முடிக்கின்றன. அவற்றினுள்ளும் மூன்று கம்பிச் சுருள்களை முறையே திறந்து மூடும் டிரான்ஸிஸ்டர்கள் உள்ளன.

இவ்வாகனங்களையும் கருவிகளையும் பழுதுபார்க்க ஊர்தோறும் ஆட்கள் வேண்டியிருக்கிறது. ரிக்ஷாவின் பாட்டரிக் கம்பிகளை இணைக்கும் இளைஞர், துருவங்களை அளந்து பார்த்த பிறகு இணைக்கிறாரா, அல்லது நிறத்தை மட்டும் நம்பி இணைக்கிறாரா என்பதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கக் கூடும். வெட்டுமுன் படம் வரைதல், செருகுமுன் அளந்து பார்த்தல், சக்கரத்தை உயர்த்திய பின் ஓட்டுதல் என்னும் மூன்று பழக்கங்களும் பள்ளியிலேயே கைவந்துவிட்டால், பின்னர் எந்த அளவு வண்டியானாலும் அவை உடன் வரும். அவற்றைக் கற்பிக்க ஒரு பழைய காரும், ஒரு பற்றிரும்பும், ஒரு மல்டிமீட்டரும் போதுமானவை.